இரவல் பனித்தளத்தில் ஓர் இணை

கேர்லிங் என்பது பனித்தளத்தின் மேல் கருங்கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் ஆட்டம். ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் பெருத்தது. அணிக்கு நால்வர் என்பதே அதன் பழைய முறை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் ஆடும் கலப்பு இரட்டையர் பிரிவுக்கு 2008இல்தான் உலகச் சம்பியன்ஷிப் தொடங்கியது. 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் அது ஒலிம்பிக்கையும் எட்டியது. நான்கு தேர்ந்த ஆட்டக்காரரைத் திரட்ட முடியாத நாடுகளுக்கும் இதனால் வழி பிறந்தது. அவ்வழியே வந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் டாலி கில், டீன் ஹியூவிட் இணையினர்.

ஒரு கல்லின் எடை 17.24 முதல் 19.96 கிலோகிராம் வரை இருக்கலாம். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் எவருக்கும் இது பழகிய எடைதான்; பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது முழுநாட் சம்பளத்துக்கு, கேட்கப்படும் கொழுந்தும் ஏறத்தாழ இவ்வளவே. இந்தக் கல்லை 45.72 மீற்றர் நீளத் தளத்தின் மறுமுனையிலுள்ள வட்டங்களுக்குள் நிறுத்த வேண்டும். தளத்தில் முன்கூட்டியே நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைப்பார்கள். அந்தப் புடைப்புகளின் மேல், மெல்லச் சுழற்றிவிட்ட கல் வளைந்து செல்லும். முன்னால் தூரிகையால் தேய்த்தால் வளைவு குறையும், கல் இன்னும் தூரம் போகும்.

நால்வர் ஆட்டத்தில் ஒருவர் கல்லை விட, இருவர் தேய்ப்பார்கள். கலப்பு இரட்டையரில் அந்த வசதி கிடையாது. கல்லை விட்டவரே எழுந்து ஓடி அதைத் தேய்ப்பதும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு ஐந்து கற்கள். ஒருவர் முதலாவதையும் கடைசியையும் விட, நடு மூன்றும் மற்றவருடையவை. சுற்றுத் தொடங்கும்போதே இரு தரப்புக்கும் ஒவ்வொரு கல் தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். தொடக்கத்திலேயே எதிரணியின் கற்களைத் தட்டி வெளியேற்ற விதி இடம் தராததால் வட்டம் விரைவில் நெரிசலாகிவிடும். எட்டே சுற்றுகள்தாம். ஒரே கல்லில் ஆட்டம் புரளும்.

கில் 1999இல் பிறந்தவர், பிரிஸ்பேன்காரர். 1994இல் பிறந்த ஹியூவிட் மெல்பர்னைச் சேர்ந்தவர். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். இருவருமே கேர்லிங் ஆடும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால், இவர்கள் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற காலத்தில் அவுஸ்திரேலியாவில் இந்த ஆட்டத்துக்கென்றே அமைந்த தளம் ஒன்றுகூட இருக்கவில்லை. சறுக்குவோரும் பனி ஹொக்கி ஆடுவோரும் கீறிய பனியில்தான் பயிற்சி. கல்லின் வளைவைச் சரியாகப் படிக்க அந்தப் பனி உதவாது. நல்ல தளம் தேடிக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

2019இல் நோர்வேயின் ஸ்டவாங்கரில் 48 நாடுகள் ஆடிய உலகச் சம்பியன்ஷிப்பில் இந்த இணை நான்காம் இடம் பெற்றது. 2021 டிசெம்பரில் நெதர்லாந்தின் லீவார்டனில் நடந்த தகுதிப் போட்டியில் வென்று பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்றது. 1992 ஒலிம்பிக்கில் கேர்லிங் காட்சிப் போட்டியாக இருந்தபோது அவுஸ்திரேலிய ஆண்கள் ஆடியிருந்தார்கள். பதக்கப் போட்டியான பிறகு அந்நாட்டிலிருந்து தகுதி பெற்ற முதல் கேர்லிங் அணி இதுவே.

2022 பெப்ரவரியில் பெய்ஜிங்கில் முதல் ஏழு ஆட்டங்களும் தோல்வி. அமெரிக்காவிடம் 6-5 எனத் தோற்றதுபோல நூலிழையில் நழுவியவையும் அவற்றில் உண்டு. பிறகு கில்லின் கொவிட் பரிசோதனை முடிவு சிக்கலாகி, இருவரும் நாடு திரும்புவதாக அறிவிக்கப்பட்டது. கடைசி நேரத்தில் அனுமதி கிடைக்க, அரக்கப்பரக்கத் தளத்துக்கு வந்து சுவிட்சர்லாந்தை 9-6 என வென்றார்கள். அடுத்த ஆட்டம் கனடாவுடன். அந்த அணியில் ரேச்சல் ஹோமனுடன் ஆடிய ஜோன் மொரிஸ், இவர்களுக்கே பயிற்சியளித்தவர். மேலதிகச் சுற்றுவரை சென்ற அந்த ஆட்டத்தில் 10-8 என அவரையும் வீழ்த்தினார்கள். கனடா அரையிறுதியைத் தவறவிட, தோல்வியே காணாத இத்தாலியின் ஸ்டெபானியா கொன்ஸ்தந்தினி, அமோஸ் மொசானர் இணை தங்கம் வென்றது.

உலகச் செய்திகளில் கில்லும் ஹியூவிட்டும் இடம்பிடித்தது அந்தப் பரிசோதனைக் குழப்பத்தால்தான். ஆட்டத்தை அறிந்தவர்கள் ஸ்டவாங்கரையும் லீவார்டனையும்தான் பெரிதாகச் சொல்வார்கள். அவை இரவல் பனியில் பயின்றவர்கள் ஆட்டத்திறத்தால் மட்டுமே ஈட்டியவை. பெய்ஜிங்குக்குப் பின்னும் இணை பிரியவில்லை. 2025இல் கனடாவின் பிரெடெரிக்டனில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பிலும் அவுஸ்திரேலியாவுக்காக ஆடியவர்கள் இவர்களே. அங்கும் தங்கம் கொன்ஸ்தந்தினி, மொசானர் இணைக்கே போனது.