கருவியும் கேள்வியும்

வைகாசித் திங்கள் பிறந்ததும் கீழைக் கரையின் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிடும். எங்கள் தம்பிலுவில் கோயில் அவற்றுள் புகழ் வாய்ந்த ஒன்று. அந்நாட்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். கேட்போர் கண் கலங்கும் இடம் எதுவென யாவரும் அறிவர். இளங்கோவடிகள் காட்டும் கதையில், கோவலன் கையிலிருந்த சிலம்பும் கோப்பெருந்தேவி இழந்த சிலம்பும் புறத்தோற்றத்தால் ஒத்தவை. ஒன்றன் பரல் மாணிக்கம். மற்றதன் பரல் முத்து. உடைத்துப் பார்த்தாலன்றி உண்மை தோன்றாது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய மன்னனின் அவையில் அச்சோதனை நிகழ்ந்தது, கோவலன் மாண்ட பின்னர்தான்.

மருந்துச் சோதனையைப் பற்றி எழுதப் புகுந்த யான் சிலம்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் பாணி அருந்திய குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று இறந்தனர். இறந்தோர் தொகை இருபதைக் கடந்தது. பாணி செய்யப்பட்ட இடம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம். சென்னை அரசு ஆய்வுக்கூடம் சோதித்தபோது அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎதிலீன் கிளைகோல் என்னும் நஞ்சு இருக்கக் கண்டது. ஏற்கத்தக்க எல்லையோ நூற்றுக்கு 0.1 பங்கே. நிறமின்மை, இனிப்பு, குழைவு ஆகியவற்றால் நல்ல கரைப்பானைப் போலவே தோன்றும் நஞ்சு அது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுவருக்கு மேற்பட்டோரைக் கொன்றதும், 2022இல் காம்பியா நாட்டுக் குழந்தைகள் பலரைக் கொண்டுபோனதும் அந்நஞ்சே. ஈண்டும் சிலம்பு உடைந்தது உயிர்கள் போன பின்னர்தான்.

நம் நாடும் இக்கவலைக்கு அப்பாற்பட்டதன்று. 2023ஆம் ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து அரச மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட வழக்கை வாசகர் மறந்திரார். ஆதலின் மருந்தின் பரலை உயிர் போகுமுன் காணவல்ல இளைஞரை எவ்வாறு ஆக்குவது என்பது வேதியியலாருக்கு மட்டும் உரிய வினா அன்று. ஆசிரியர் அனைவர்க்கும் உரியது.

மருந்தாளர் பட்டக் கல்வி பயிலும் மாணவர் சிலர் விடுமுறையில் என்னைக் காண வருவதுண்டு. எம்மூர்ப் பிள்ளைகளும் உளர். கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் பிள்ளைகளும் உளர். யாவரும் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் கேட்டவர்கள். அவர்களுள் ஒருத்தி சொன்னாள்: “ஐயா, பொறியை இயக்கத் தெரியும், அது தரும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதவும் தெரியும். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் ஆங்கிலப் பந்தி ஒன்றை ஒப்புவிப்போம். எங்கள் சொல்லில் சொல்ல வராது.”

இவர்கள் உயர்தர வகுப்பு முடிய இரசாயனத்தைத் தமிழிலேயே கற்றவர்கள். அளவியும் குழாயியும் கொண்டு நியமிப்புச் செய்தபோது, துளி விழுந்து நிறம் மாறுவதன் காரணத்தைத் தமிழிலேயே விளக்கியவர்கள். பல்கலைக்கழகம் புகுந்ததும் பாடம் ஆங்கிலமாகிறது. அதே வேளையில் கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக மூடிய பெட்டி ஒன்று முன்னே நிற்கிறது. நிறம் மாறுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மொழியும் காட்சியும் ஒருங்கே மறைந்துபோகின்றன.

அப்பெட்டிக்குள் நடப்பது விளங்காத மறைபொருளா? அன்று. உருசிய நாட்டுத் தாவரவியலார் மிகையில் சுவெட் என்பவர், 1903இல், சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழலில் இலைச்சாற்றை ஊற்றினார். அதன் நிறப்பொருள்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தன. 1906இல் அம்முறைக்குக் கிரேக்க மொழியில் ‘நிற எழுத்து’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். உருசிய மொழியில் அவர் பெயரின் பொருளும் நிறம் என்பதே. நாம் அதனை நிறப்பிரிகை என்போம். ஆயின் இன்று சோதிக்கப்படும் மருந்துகளுள் மிகப்பல நிறமற்றவை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிரிவின் காரணம் எளிது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் செல்லும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே வேளையில் கடைத்தெருவுள் நுழைகின்றனர். கடைதோறும் நிற்பவர் பிந்துவர். எதனையும் நோக்காதவர் முந்துவர். குழலினுள் அடைத்த பொடியே கடைத்தெரு. அதனூடு ஓடும் திரவமே கூட்டத்தைத் தள்ளிச் செல்லும் விசை. பொடியில் பற்றுடைய பொருள் பிந்தியும், பற்றில்லாதது முந்தியும் வெளிப்படும். வாயிலில் ஊதாக் கடந்த ஒளி காவல் நிற்கிறது. வெளிவரும் பொருள் எவ்வளவு ஒளியை விழுங்குகிறதோ அதனைக் கொண்டு அதன் அளவு அறியப்படும்.

ஆயினும் கருவி தானாக எதனையும் அறியாது. நம் பொற்கொல்லர் உரைகல்லை மட்டும் கொண்டு பொன்னின் மாற்றை உரைத்ததில்லை. மாற்று முன்பே தெரிந்த உரையாணியையும் உடன் உரைத்து, இரு கீற்றையும் ஒப்பிட்டே சொன்னார்கள். மருந்துக்கூடத்தின் நியமப்பொருளும் அத்தகைய ஆணியே. ஆணி பிழையாயின், இலட்சக்கணக்கில் விலை பெற்ற பொறியும் பிழையே உரைக்கும்.

இதனினும் நுட்பமான உண்மை ஒன்றுண்டு. கருவி, கேட்ட கேள்விக்கே விடை தரும். இருமல் பாணியில் பரசிற்றமோல் உரிய அளவு உண்டா என்று அவ்வொளிக் காவலனைக் கேட்டால், அதற்கு மட்டும் விடை கூறுவான். டைஎதிலீன் கிளைகோல் அவ்வொளியை விழுங்குவதில்லை. ஆதலின் காவலன் முன்னே ஓசையின்றிக் கடந்துவிடும். அதனைப் பிடிக்கப் பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் வேறு கருவி வேண்டும். குருதி உறையாமற் காக்கும் எப்பாரின் மருந்தில் 2008இல் இதுவே நேர்ந்தது. எப்பாரினைப் போன்ற போலிப்பொருள் ஒன்று கலந்திருந்தும், அன்று வழக்கிலிருந்த சோதனைகள் அதனைக் காட்டவில்லை. நோயாளர் துன்புற்ற பின், வேறு வினாக்களை வேறு கருவிகளிடம் கேட்டபோதே அது வெளிப்பட்டது.

எனவே மாணவர் முதற்கண் கற்கவேண்டியது பொத்தானை அன்று, கேள்வியை. ஐயமும் வினாவும் மனத்தில் எழுவது மனிதன் சிந்திக்கும் மொழியில். மனப்பாடம் செய்த பந்தியிலிருந்து ஐயம் பிறப்பதில்லை.

இவ்வுண்மையை நம் மண்ணில் கண்டவர் ஒருவர் உளர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1864இல் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாயின. இரசாயன நூல் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் வெளிவந்தது. அத்தலைப்பைப் பாருங்கள்: அயற்சொல்லுக்குத் தமிழ் விகுதி! சொல் தூயதா என்பதில் அவர் கருத்து நிற்கவில்லை. விளக்கம் தமிழில் நடக்கவேண்டும் என்பதில் நின்றது. என்போன்ற பண்டிதர்கள் அவரிடம் கற்கவேண்டிய பாடம் அது.

ஆங்கிலத்தை விலக்குக என்று யான் கூறவில்லை. மருந்துத்தர நூல்களும் பொறிகளின் கையேடுகளும் அம்மொழியில் உள்ளன. தேர்வும் அம்மொழியில் நடக்கட்டும். யான் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் பொறியைத் தொடுமுன், மாணவர் மூன்று வினாக்களுக்குத் தம் தாய்மொழியில் விடை எழுதட்டும். எப்பொருளைத் தேடுகிறோம்? அதன் எப்பண்பைக் கொண்டு கருவி அதனை அறிகிறது? இக்கருவிக்குத் தெரியாமல் எது மறைந்திருக்கக்கூடும்? தமிழ் மாணவர் தமிழிலும் சிங்கள மாணவர் சிங்களத்திலும் எழுதுவதால் எவர்க்கும் இழப்பில்லை. இவற்றுக்கு வேண்டும் சொற்களைத் தேடித்தரத் தமிழாசிரியர்கள் வேதியியல் ஆசிரியரோடு ஒரே மேசையில் அமரவேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இம்மூன்றையும் கேட்டுப் பார்த்தேன். முதலிரண்டுக்கும் விரைவில் விடை வந்தது. மூன்றாவதற்கு நெடுநேரம் எண்ணினார்கள், தமக்குள் வாதிட்டார்கள். அந்த வாதம் முழுதும் தமிழிலேயே நடந்தது.