கொழுவி ஏன் இறுகுகிறது?

கொழுந்து பேக்டரியில் இறங்கியாயிற்று. பெட்டியைக் கழற்றிவிட்டு ட்ரக்டர் வேறு வேலைக்குப் போக வேண்டும். ஆனால் பெட்டியை ட்ரக்டரோடு பிணைக்கும் கொழுவியின் பின் அசைய மறுக்கிறது. உடனே சம்மட்டி வரும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில் இந்தத் தொல்லை கூடுதல். அடித்துக் கழற்றுவதில்தான் கோளாறே தொடங்குகிறது: அடிபட்ட தலை பிதுங்கி, மறுமுறை துளைக்குள் நுழையவே சண்டித்தனம் பண்ணும்.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு. தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடம் அதற்கு வேண்டும். வெளிப்புறத்தில் பொருக்காக உதிர்ந்துவிடும். பின்னுக்கும் துளைக்கும் நடுவே உதிர வழியில்லை. அங்கேயே ஆப்பாக இறுகிக்கொள்ளும்.

1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. போதாததற்கு, கொழுந்து ஏற்றும் அதே பெட்டியில்தான் பல இடங்களில் உரமூட்டையும் போகிறது. சிந்திய அமோனியம் சல்பேட் ஈரத்தில் கரைந்தால் அரிப்பு வேகமெடுக்கும். கொழுந்துச் சாறு பட்ட இரும்பு கறுப்பது வேறு சங்கதி. தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. இவற்றின் உறவான டானிக் அமிலத்தைத் துருவைக் கட்டுப்படுத்தும் பூச்சுகளில் சேர்க்கிறார்கள். அதற்காகப் பிளேன்டீயைக் கொழுவியில் ஊற்றிவிடாதீர்கள், ஈரம்தான் மிஞ்சும்.

பலரும் செய்யும் தவறு, பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்புவது. கிரீஸ் என்பது ஒருவகைச் சவர்க்காரம் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய். அதில் தோட்டத்து ரோட்டு மண் கலந்தால் வழுக்குவதற்குப் பதில் உலோகத்தை அராவும்.

முதலில் பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பாரம் பின்னை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தால் எந்த எண்ணெயும் உதவாது. ஜக் கொடுத்து அந்த நெருக்கலைத் தளர்த்துங்கள். துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுங்கள். நீர்த்த எண்ணெய், நுண்துளைக் கவர்ச்சியால் மயிரிழை இடுக்கிலும் ஏறும். காலையில் இழுக்காமல், பிடித்துத் திருகுங்கள். துருவின் பிடி திருகலில்தான் உடையும். கழன்றதும் பின்னையும் துளையையும் மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் புதிய கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். தீ காட்டிச் சூடாக்கவே வேண்டாம். எண்ணெய் பற்றிக்கொள்வது ஒருபுறம்; பதமிட்ட உருக்கு தன் வலுவை இழப்பது மறுபுறம்.

ஜீப்புகளில் உள்ள உருண்டைத் தலைக் கொழுவிக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான். அதில் பூட்டுத் தாழும் ஸ்பிரிங்கும் கூடுதலாகச் சுத்தம் கேட்கும்.

கழற்ற முடியாத பின் வெறும் எரிச்சல். முழுதாக இறங்காத பின்தான் ஆபத்து. பூட்டு ஊசி ஏறாது; இறக்க வளைவில் ஒரு குலுக்கலில் பின் மேலெழும்பினால் பாரப் பெட்டியை எந்த பிரேக்கும் நிறுத்தாது. பாதுகாப்புச் சங்கிலி இதற்காகத்தான். கிடைத்த கம்பியையோ போல்ட்டையோ பின்னுக்குப் பதிலாகச் செருகுவது இன்னும் மோசம். நகம் சிக்கும் அளவுக்குப் பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் கிரீஸை மிச்சம் பிடியுங்கள், பின்னை மாற்றுங்கள்.