பொடியின் அளவும் மூச்சின் வேகமும்

ஆஸ்துமாவுக்காகப் பொடி இன்ஹேலர் பயன்படுத்துவோர் பலர், “உறிஞ்சும்போது எதுவும் உள்ளே போனதாகவே தெரியவில்லையே” என்று ஐயுறுவதுண்டு. அவ்வளவு நுண்ணிய பொடி அது. நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்களை அடைய வேண்டிய மருந்துத் துகள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரை இருத்தல் வேண்டும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். துகள் அதனினும் பெரிதானால் தொண்டையில் மோதி அங்கேயே படிந்துவிடும்; மிகவும் சிறிதானால் ஒரு பகுதி வெளிமூச்சோடு திரும்பிவிடும்.

இத்தகைய பொடியை அளக்கச் சல்லடை உதவாது. லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் கோணத்தைக் கொண்டு துகளின் அளவைக் கணிக்கலாம். துகள் சிறுக்கச் சிறுக்க ஒளி அகன்று சிதறும். ஆயினும் இன்ஹேலர் மருந்துக்கு அது மட்டும் போதாது. காற்றில் அத்துகள் எவ்வாறு பயணிக்கிறது என்பதே முக்கியம். அதற்கென ‘கேஸ்கேட் இம்பாக்டர்’ என்னும் கருவி உண்டு. தொண்டைபோல் வளைந்த குழாயில் இன்ஹேலரைப் பொருத்தி, பம்பினால் காற்றை இழுப்பார்கள். உள்ளே அடுத்தடுத்துத் தட்டுகள் இருக்கும். காற்று திரும்பும் இடத்தில் பெரிய துகள் திரும்ப இயலாமல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். சிறியது அடுத்த தட்டுக்குச் செல்லும். பின்னர் ஒவ்வொரு தட்டையும் கழுவி, அதில் எவ்வளவு மருந்து படிந்தது எனக் கணக்கிடுவர்.

அந்தப் பம்பு எப்போதும் ஒரே வேகத்தில் இழுக்கும். நம் மூச்சு அப்படியல்ல. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நுண்பொடி மழைக்காலத்து உப்பைப் போலக் கட்டிபிடிக்கும் இயல்புடையது. ஆதலால் பல இன்ஹேலர்களில் மருந்தை லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையின் பெரிய துகள்கள்மீது ஒட்டவைத்திருப்பார்கள். (நாவில் சிலருக்குத் தோன்றும் இலேசான இனிப்பு அதனுடையதே.) மருந்தை அதிலிருந்து பிரித்தெடுப்பது நோயாளி இழுக்கும் மூச்சின் விசைதான். மெல்ல இழுத்தால் மருந்தும் சர்க்கரையோடு தொண்டையிலேயே தங்கிவிடும்.

எனவே தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. மூச்சின் ஈரமே பொடியைக் கெடுத்துவிடும். குளியலறையில் வைத்தலும் தகாது. கேப்சூலைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே உறையிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தானால், தொண்டையில் படிந்தது பூஞ்சைத் தொற்றுக்கு இடந்தராதபடி வாய் கொப்பளித்துத் துப்புதல் அவசியம். அழுத்திப் பீய்ச்சும் ஸ்பிரே இன்ஹேலருக்கு முறை வேறு: அதை மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டையும் பயன்படுத்தும் முதியோர் இவ்விடத்தில்தான் பெரிதும் குழம்புகின்றனர். உடனிருப்போர் இதைக் கவனிப்பது நல்லது.

வேகமாக இழுக்க இயலாதவர்கள் மருத்துவரிடம் தயங்காமல் கூறலாம். மூச்சிழுக்கும் வேகத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. தேவையானால் இன்ஹேலரையே மாற்றித் தருவார்கள். அடுத்த முறை வரும்போது உங்கள் இன்ஹேலரையும் கையோடு கொண்டு வாருங்கள்.