ஈமச் சட்டியில் இருந்த உணவு

ஆனைக்கோட்டை என்றதும் எங்களில் பலருக்கு நல்லெண்ணெய்தான் நினைவுக்கு வரும். யாழ் நகருக்கு அண்மையில், கடல்நீரேரிப் பக்கமாக உள்ள அந்த ஊரின் மண்ணுக்கடியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய சமையலின் அடையாளமும் இருந்திருக்கிறது.

1980-81 காலப்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு அகழ்வு செய்தபோது மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றுடன் சிறியதொரு முத்திரையும் இருந்தது. அதில் ஒரு வரியில் குறியீடுகள், மறுவரியில் பிராமி எழுத்துகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது என்கிறார்கள். 'கோவேத', 'கோவேந்த' என்று அறிஞர்கள் வேறுவேறாக வாசித்திருக்கிறார்கள். 'கோ' என்றால் தலைவன். ஆகவே அந்நாளிலேயே இங்கே தலைவர்கள் இருந்தார்கள் என்று அறிகிறோம்.

நான் வாசித்தவற்றில் என் மனதில் அதிகம் நின்றது அந்த முத்திரை அல்ல. இறந்தவரோடு வைத்திருந்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், கடலுணவின் எச்சங்களுமே. போகிறவருக்கு யாரோ சமைத்து வைத்திருக்கிறார்கள்.

அக்காலத்து ஊர்களில் குடியிருப்பு, குளம், வயல், ஈமக்காடு என நான்கும் அருகருகே அமைந்திருந்தன என்பர். வழுக்கையாற்றுப் பக்கத்திலுள்ள கந்தரோடையும் அத்தகைய பழைய குடியிருப்பே. 1970இல் அங்கு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். அநுராதபுரத்தில் கி.மு. 900 அளவிலேயே இரும்பு, மாடு, நெற்செய்கை யாவும் இருந்தமைக்குச் சான்று உண்டு. எங்கள் குடாநாட்டில் பெரிய ஆறு இல்லை. மாரி மழையைத் தேக்கினால்தான் வயலும் கிணறும் பிழைக்கும். குளம் வெட்டுவது ஒரு வீட்டாரால் முடிகிற காரியமா? பல வீடுகள் சேர வேண்டும். சேர்ந்தவர்களுக்குள் தண்ணீரைப் பங்கிட ஓர் ஒழுங்கும் வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டியில் மிளகாய் இருந்திருக்காது! மிளகாய், மரவள்ளி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1500ஆம் ஆண்டுக்குப் பின்னரே கப்பலேறி எங்கள் பக்கம் வந்தன. அங்கே மெக்சிக்கோவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒல்மெக் மக்கள் வாழ்ந்தார்கள். ஆற்றங்கரையில் சோளம் விதைத்தார்கள், மீன் பிடித்தார்கள். ஆளுயரத்துக்கும் மேலான கல்லில் தலைகளைச் செதுக்கினார்கள். அவை அவர்களுடைய ஆட்சியாளரின் முகங்கள் என்று கருதுகிறார்கள். சோளம் அரைத்தவர்களின் முகம் எதிலும் இல்லை. ஆனைக்கோட்டையிலும் தலைவனுக்கு முத்திரை கிடைத்தது. சமைத்தவரின் பெயர் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்களில் இன்றைக்கும் எட்டுச் செலவுக்கு, இறந்தவர் விரும்பி உண்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிறோம். எங்கள் வீட்டில் அண்ணாவுக்கு அது நடக்கவில்லை. 1996இல் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. "இருக்கிற பிள்ளைக்கு ஏன் படைக்கவேணும்?" என்று அம்மா கேட்டார். சுற்றத்தார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அசையவில்லை. அண்ணாவின் கோப்பையை மட்டும் தினமும் கழுவி வைப்பார். இறந்தவருக்கு உணவு வைத்து அனுப்ப முடிவதுகூட ஒரு ஆறுதல் என்பதை அம்மாவைப் பார்த்தே அறிந்தேன். இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

படைப்பதா விடுவதா என்பதை அந்தந்தத் தாயே, அந்தந்த மனைவியே முடிவு செய்யட்டும். அதில் மற்றவர் வற்புறுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். போருக்குப் பின் எத்தனையோ வீடுகளில் விதைப்பதும் உழைப்பதும் உலை வைப்பதும் ஒரே பெண்தான். ஆனாலும் காணி உறுதியிலும் கமக்காரர் அமைப்பின் பதிவிலும் அவள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் கிராம அலுவலரிடம் போய்க் கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் அயலில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குளம் வெட்டியவர்களும் கூடித்தான் வெட்டினார்கள்.