திரைக்குத் தக்க பக்கம்

கூட்டுறவுச் சங்கங்கள் பல இன்று தமக்கென இணையதளம் அமைத்து, விலைப்பட்டியல், மகாசபை அறிவிப்பு, கடன் விவரம் முதலியவற்றை வெளியிட்டு வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நம் அங்கத்தினரிற் பலரிடம் உள்ள திரை கைப்பேசித் திரை ஒன்றே. அகன்ற கணினித் திரைக்கென அமைத்த பக்கம் அதில் படிக்கவொண்ணாதபடி சுருங்குமாயின், அறிவிப்பு வெளியிட்டும் வெளியிடாததற்கே சமமாகும். ஆகவே, எத்திரைக்கும் பொருந்தும் பக்கம் எவ்வாறு அமைகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

தறியில் பாவு பூட்டிய பின் துணியின் அகலத்தை மாற்ற இயலாது. முன்னர் இணையப் பக்கங்களையும் பெரும்பாலோர் இவ்வாறே ஒரு குறித்த அகலத்தில் அமைத்தனர். 960 புள்ளி அகலம் பெருவழக்காயிருந்தது. 2007-ல் ஐபோன் வெளிவந்து, சிறு திரையில் இணையம் காண்போர் பெருகவே, இம்முறை பொருந்தாதாயிற்று. 2010-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் என்பார் மாற்று முறை ஒன்றை விளக்கி எழுதினார். அதன் அங்கங்கள் மூன்று.

முதலாவது, அகலத்தை விகிதத்தால் குறித்தல். 960 புள்ளிப் பக்கத்தில் 300 புள்ளியுள்ள பத்தியை 31.25 சதவீதம் எனக் குறித்தால், 1,200 புள்ளித் திரையில் அது தானே 375 புள்ளியாக விரியும்.

இரண்டாவது, படம் தனக்குரிய கட்டத்தை மீறலாகாது என்னும் விதி. இடம் குறுகினால் படமும் சுருங்கும்.

மூன்றாவது, நிபந்தனை. 360 புள்ளிக் கைப்பேசித் திரையில் மேற்சொன்ன பத்தி ஏறக்குறைய 112 புள்ளியாக ஒடுங்கிவிடும். வரிக்கு ஓரிரு சொல்லே அடங்கும். ஆகவே, திரை இன்ன அளவுக்குக் குறைந்தால் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கவேண்டும் என்று கட்டளை எழுதுகின்றனர்.

கைப்பேசிக்கெனத் தனித் தளம் வைத்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். அது ஒரே வரவு செலவுக்கு இரு பேரேடு எழுதுவது போன்றது. நூல் விலை ஒன்றில் திருத்தப்பட்டு மற்றதில் விடுபட்டால், இரு விலை காட்டிய பழி சங்கத்தைச் சாரும்.

தளம் அமைத்தவருக்குப் பணம் பட்டுவாடா செய்யுமுன் நிர்வாகிகள் இரண்டு சோதனைகள் செய்தல் நலம். கணினியில் சாளரத்தின் ஓரத்தை உள்ளே இழுத்துக் குறுக்கி, பத்திகள் இடம் மாறுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பின்னர், விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் விலைப்பட்டியலைத் திறந்து, பக்கவாட்டில் நகர்த்தாமலும் பெரிதாக்காமலும் படிக்க முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். பட்டியலைப் புகைப்படமாக இட்டிருந்தால் எழுத்தாக மாற்றச் சொல்ல வேண்டும். படம் சுருங்கும்போது அதிலுள்ள எழுத்தும் சுருங்கிவிடும்.

தளம் அமைக்கும் செலவு அங்கத்தினரின் பணமே. அப்பணத்தால் எழுந்த பக்கம் அவர் கையிலுள்ள திரையில் தெளிவாகத் தெரிய நிர்வாகிகள் ஆவன செய்வார்களாக.