மறைந்துபோன செங்கோட்டைத் தொகுதி

ஆய்க்குடிக்கும் திருவனந்தபுரத்திற்கும் என்ன தொடர்பு? இன்று இக்கேள்வி வியப்பைத் தரலாம். ஆனால் 1956 வரை ஆய்க்குடி, திருவிதாங்கூர்ச் சீமையின் செங்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்த ஊர். அருகேயுள்ள தென்காசியோ சென்னை மாநிலத்தில் இருந்தது!

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. அதன் சட்டசபைக்கு 1951-52இலும் 1954-இலும் தேர்தல்கள் நடந்தன. செங்கோட்டையும் அதில் ஒரு தொகுதி. வாக்காளர் தமிழர், சபையிலோ மலையாளம் பேசுவோரே மிகுதி. தமிழ்ப் பகுதிகளைச் சென்னையுடன் சேர்க்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர்நீத்தனர்.

1956 மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியுடன் இணைந்தது. ஆரியங்காவு முதலிய மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் மறையவே, அதன் செங்கோட்டைத் தொகுதியும் மறைந்தது.

மாநில எல்லை மாறாமலும் தொகுதிகள் மறைவதுண்டு. மக்கட்தொகைக்கேற்ப எல்லைகளைத் திருத்துவது தொகுதி வரையறை ஆணையத்தின் பணி. 2008-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் சேரன்மகாதேவித் தொகுதி அவ்வாறே நீங்கியது.

செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் காணலாம். தோழியரே, அவ்வழியே செல்லும்போது சற்று நின்று பாருங்கள். தம் குரல் தம் மொழியில் ஒலிக்க வேண்டுமென்று நம் முன்னோர் பாடுபட்டனர். பதினெட்டு வயதில் நம் கைக்கு வரும் வாக்குச்சீட்டின் அருமையை நாமும் உணர்வோமாக.