ஆப்பிளைக் குறுக்கே வெட்டும் நாள்

செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் அந்தச் சம இரவு நாளை ஒட்டி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேகன் நெறியைப் பின்பற்றுவோர் வீடுகளில் ஒரு சிறு சடங்கு நடக்கிறது. கிறித்துவத்துக்கு முந்திய ஐரோப்பிய வழிபாடுகளை முன்மாதிரியாகக் கொண்டு இக்காலத்தில் உருவான நெறி அது. சடங்கு நடக்கும் இடம் பெரும்பாலும் சமையலறைதான். ரொட்டி சுடுகிறார்கள், பூசணியும் திராட்சையும் மேசையில் பரப்பி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பிறகு ஓர் ஆப்பிளைக் காம்பிலிருந்து நெடுக்காக வெட்டாமல் குறுக்கே வெட்டுகிறார்கள். விதையறைகள் ஐந்தும் ஐந்து முனை நட்சத்திரமாய்த் தெரிகின்றன. விளைச்சலுக்கு நன்றி சொல்லிப் பகிர்ந்து உண்கிறார்கள். ஒரு பங்கை மண்ணுக்கு விடுகிறார்கள். 'மேபன்' என்று பெயர் பெற்ற இந்தப் பண்டிகை பல நூற்றாண்டுப் பழமை உடையது என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியல்ல. ஆனால் பழமை இல்லை என்பதற்காக இதை வெற்று வேடம் என்று தள்ளுவதும் சரியல்ல.

முதலில் வயதைப் பார்ப்போம். மேபன் என்ற பெயரை இந்த நாளுக்குச் சூட்டியவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர், 1970-களில். மேபன் என்பவன் இடைக்கால வேல்சுக் கதை ஒன்றில் வருகிறான். பிறந்த மூன்றாம் இரவே தாயிடமிருந்து களவு போன பிள்ளை. அந்தக் கதையில் சம இரவு நாளும் இல்லை, அறுவடையும் இல்லை. இந்த நாளையும் சேர்த்து ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை என்ற சக்கரமே 1950-களில் இந்நெறியின் முன்னோடிகளான ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரின் வட்டங்களில் உருவானதுதான். பழைய சான்று அறவே இல்லையா என்றால், ஒன்று உண்டு. ஆங்கிலோ-சாக்சன் மக்கள் செப்டம்பரைப் புனித மாதம் என்று அழைத்ததாக 8-ஆம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதியிருக்கிறார். என்ன சடங்கு, எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை. பிற்கால ஆங்கிலக் கிராமங்களின் அறுவடை விருந்தும் வானத்தைப் பார்த்து நடந்ததல்ல. கடைசி வண்டிக் கதிர் களத்துக்கு வந்து சேர்ந்ததும் விருந்து. ஆகவே ஊருக்கு ஊர் நாள் மாறியது. கடைசிக் கதிரில் பொம்மை முடையும் வழக்கத்தைத் தானியத் தெய்வ வழிபாட்டின் மிச்சம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் மான்ஹார்ட்டும் ஃபிரேசரும் விளக்கினார்கள். ரொனால்ட் ஹட்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் அத்தகைய விளக்கங்களை இன்று ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் யாரோ சிலர் கூடிப் புனைந்ததுதானே, அதற்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். இதே கேள்வியைத் தேவாலயத்திலும் கேட்க வேண்டிவரும். இங்கிலாந்துத் தேவாலயங்களில் இன்று நடக்கும் அறுவடைத் திருநாள், கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ ஊரின் பங்குக் குரு ராபர்ட் ஹாக்கர் 1843-இல் தொடங்கிவைத்தது. அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்தையும் பார்க்கலாம். விசு என்ற சொல் பகலிரவு சமமாவதைக் குறித்தது. ஆனால் பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால், நட்சத்திரக் கணக்கில் நடக்கும் நம் சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் உண்மையான சம இரவு நாளைவிட மூன்று வாரத்துக்கும் மேல் பிந்தி வருகின்றன. தொன்மை உள்ளது வானத்தை விட்டு விலகியிருக்கிறது. நேற்று வந்தது வானத்தோடு ஒட்டி நிற்கிறது. அதற்காக ஐப்பசி விசுவை யாரும் விட்டுவிடப் போவதில்லை, விடவும் வேண்டாம். சடங்கின் மதிப்பை வயதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கிலிருந்து ஆண்டு முழுவதும் ஆப்பிள் வருகிறது. விதைக்காதவருக்கு, அறுக்காதவருக்கு அறுவடை நன்றி எதற்கு? இதற்கு விடை அடுப்பங்கரையில் இருக்கிறது. பகலின் நீளம் மிக விரைவாகக் குறைவது இந்த நாட்களில்தான்; லண்டனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். தோட்டத்து ஆப்பிளும் வேலியோரக் கருப்பு பெர்ரியும் ஒன்றாகப் பழுத்துக் குவியும் காலமும் இதுவே. அழுகுமுன் காய்ச்ச வேண்டும், உலர்த்த வேண்டும், புட்டியில் அடைக்க வேண்டும். ஆப்பிளைச் சர்க்கரையும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சிக் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும் பண்டத்தை அங்கே சட்னி என்கிறார்கள்; சொல் இந்தியாவிலிருந்து போனது, பக்குவம் அவர்களுடையது. குளிர்காலத்துக்குச் சேமிக்கும் இந்த உழைப்புக்கு எந்தப் பண்டிகைப் பெயரும் தேவைப்பட்டதில்லை. அது உண்மையிலேயே பழையது. மேபன் கொண்டாடும் வீடு அந்த வேலையை அவசரமில்லாமல், கவனத்தோடு செய்ய ஒரு நாளை ஒதுக்குகிறது. கடையில் வாங்கிய ஆப்பிளானாலும் அது எந்தப் பருவத்துப் பழம் என்பதை அந்த நாள் நினைவூட்டுகிறது. ஆஸ்திரேலியப் பேகன் நெறியினர் இதே பண்டிகையை மார்ச்சில் கொண்டாடுகிறார்கள், அவர்களுக்கு இலையுதிர்காலம் அப்போதுதான் என்பதால். ஏட்டில் உள்ள தேதியை விட்டுத் தங்கள் மண்ணின் பருவத்தைப் பின்பற்றுகிறவர்களை வெறும் வேடக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இந்தச் சடங்கைப் பரப்புகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். 'பழங்கால' என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள். ஆப்பிளைக் குறுக்கே வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, பெயர் 1970-களில் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.